எடுக்காத மூன்றாவது துண்டு

அக்கா,

இன்று காலை அம்மாவின் முழங்காலைப் படம் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, உள்ளிருந்து ஒருவர் ஈரம் சொட்டும் படத்தைக் கிளிப்பில் மாட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் பின்னாலேயே அந்த நெடியும் வந்தது. காடி போலப் புளித்து மூக்கைப் பிடிக்கும் மருந்து நெடி. படம் கழுவும் தொட்டியின் நெடி.

"என்னடி, உம் மூஞ்சி இப்படி ஆயிருச்சு? வலி எனக்குத்தான?" என்றாள் அம்மா.

"வெக்கையா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டேன்.

மூன்று வருடம் அந்த நெடி என் விரல்களில் இருந்தது. ஆய்வுக்கூடத்து இருட்டறையில் படம் கழுவிவிட்டு, எத்தனை முறை சோப்புப் போட்டாலும் போகாத கையோடு மதுரை சிம்மக்கல்லில் நீங்கள் டைப் அடிக்கும் கடையின் மாடிப்படி ஏறுவேன். கீழே வெல்ல மண்டி, அதை ஒட்டி உங்கள் கணவரின் ஜெராக்ஸ் கடை. ஈயும் இனிப்பு வாடையும் பாதிப் படி வரைக்கும் கூட வரும். நீங்கள் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமலே சொல்வீர்கள்: "ஊறுகா ஜாடி வந்துருச்சு."

நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் இருக்கிறது. உங்களுக்கு அது தெரியும். தெரிந்தது மட்டுமல்ல, அதைச் சுமந்தவரே நீங்கள்தான். இருந்தாலும் என் வாயால் ஒரு தடவையும் உங்களிடம் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் உங்களிடம் வந்தது ஒரு அறிவிப்பை டைப் அடித்து வாங்கத்தான். கீழே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த உங்கள் கணவர் மாடியைக் காட்டினார். நான் கையால் எழுதிய தாளை நீட்டினேன். உடல் பருமன் உள்ள, சர்க்கரை நோய் இல்லாத, முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வயதுப் பெண்கள் ஆய்வுக்குத் தேவை, வாரம் ஐந்து நாள் சைக்கிள் பயிற்சி, பன்னிரண்டு வாரம். நீங்கள் படித்துக்கொண்டே அடித்தீர்கள். பாதியில் கை நின்றது. சுழல் நாற்காலியோடு திரும்பி என்னைப் பார்த்தீர்கள்.

"ஏம்மா, நேரா என்னையக் கேக்குறதுக்குக் கூச்சப்பட்டு அடிக்கக் குடுக்குறியா?"

எனக்கு வேர்த்துவிட்டது. "ஐயோ, இல்லங்க... அப்படி இல்ல..."

"சும்மா சொன்னேன். சாப்பாட்டக் குறைக்கச் சொல்லுவீகளா?"

"இல்லங்க. எப்பவும் சாப்பிடறதுதான் சாப்பிடணும். மாத்தவே கூடாது."

"அப்ப மொதப் பேரு என்னோடது போட்டுக்க" என்றீர்கள். கீழே எட்டிப் பார்த்து, வீட்டு மொழியில் உங்கள் கணவரிடம் எதையோ சொன்னீர்கள். அவர் சிரித்தது கேட்டது. சௌராஷ்டிர மொழி எனக்குப் புரியாது. உங்கள் வீட்டில் என்னைப் பற்றிப் பேசியதில் பாதி எனக்குத் தெரியாமலே போனது அதனால்தான்.

நான் டாக்டரேட் பண்ணுகிறேன் என்று தெரிந்ததும் "டாக்டரம்மா" ஆனேன். என் ஊர் எழுமலைப் பக்கம் என்று சொன்னதும், "காட்டுல வேலை பாத்த பரம்பரை, அதான் தேகம் குச்சியா இருக்கு. எங்க பரம்பரை உக்காந்தே பொழச்ச பரம்பரை. அம்புட்டும் இடுப்புல நிக்குது" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடும்போது சிரிப்பு இல்லை. "எங்கம்மாவுக்கு சர்க்கரையில ஒரு காலு போச்சு. அப்பறம் ரெண்டு வருசம்தான். எனக்கு இப்ப முப்பத்தாறு. உள்ளுக்குள்ள அது ஆரம்பிச்சிருச்சா இல்லையா, ஆரம்பிச்சிருந்தா திருப்ப முடியுமா முடியாதா, அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும். மத்தபடி நீ பட்டம் வாங்கு, வாங்காமப் போ" என்றீர்கள்.

தொடையிலிருந்து தசைத்துண்டு எடுக்கும் முதல் ஊசிக்கு முந்தின வாரம் நான் உங்களுக்கு ஆய்வை விளக்க முயன்றேன். சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, இன்சுலின் சுரக்கிறது, அது தசைச் செல்லின் மேல்தோலில் வந்து தட்டுகிறது, அந்தத் தட்டல் செல்லுக்குள் ஒரு புரதத்திலிருந்து இன்னொரு புரதத்துக்குக் கைமாறிக் கைமாறிப் போகிறது, கடைசியில் சர்க்கரையை உள்ளே எடுக்கும் புரதங்கள் அடியிலிருந்து மேலே வருகின்றன. உடல் பருமனில் பலருக்கு நடுவில் எங்கோ அந்தச் செய்தி மங்கிவிடுகிறது. நான் சொல்லச் சொல்லத் திணறினேன். நீங்கள் கீபோர்டில் ஒரு எழுத்தைத் தட்டினீர்கள்.

"நான் இங்க தட்டுறேன். திரையில எழுத்து வரல. கீபோர்டும் நல்லாருக்கு, திரையும் நல்லாருக்கு. நடுவுல வயரு போச்சு. அதான?"

"அதேதான்க்கா."

"எழுத்து வரலன்னா நான் இன்னும் அமுக்கித் தட்டுவேன். உடம்பும் அப்படித்தான் இன்சுலின அள்ளி ஊத்துமோ?"

என் முதல் அத்தியாயத்தின் நாற்பது பக்கத்தை நீங்கள் நாற்காலியை விட்டு எழாமல் சொல்லி முடித்துவிட்டீர்கள். உங்கள் ரத்தப் பரிசோதனை வந்தபோது சர்க்கரை சரியாக இருந்தது. இன்சுலின் அதிகமாக இருந்தது. தாளைப் பார்த்துவிட்டு, "அமுக்கித்தான் தட்டுது" என்று மட்டும் சொன்னீர்கள்.

பிறகு பன்னிரண்டு வாரம். பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையின் பின்னால் பழைய சாமான்கள் கிடந்த அறையைக் காலி செய்து இரண்டு சைக்கிள்கள் போட்டிருந்தோம். நாற்பத்தைந்து நிமிடம். பேச முடிகிற வேகம், ஆனால் பாட முடியாத வேகம் என்று அளவு சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாட்டெடுத்துப் பார்ப்பீர்கள். ஒரு வரி முழுசாக வந்துவிட்டால், "பாட்டு வருது, பத்தல பத்தல" என்று வேகத்தைக் கூட்டுவீர்கள். பக்கத்துச் சைக்கிளில் இருந்த சோழவந்தான் டீச்சர், "மெல்லமா மிதிச்சாலும் பரவால்ல தாயி, பாடாம இரு" என்று கும்பிடுவார்.

திங்கட்கிழமைதோறும் எடை. முள் அசையவில்லை. ஒரு வாரம் அரைக் கிலோ குறைந்து மறு வாரம் ஏறியது. உங்கள் கணவர் ஜெராக்ஸ் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்: "எங்க வீட்டம்மா தெனம் சைக்கிள்ல கெளம்புது. இன்னும் எங்கயும் போய்ச் சேரல." நீங்கள் மாடியிலிருந்தே பதில் கொடுப்பீர்கள். ஆனால் பத்தாவது வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எடை முள்ளு சொல்றதுதான் நெசமோ?" என்று கேட்டீர்கள். எடை குறையாமலே தசைக்குள் மாற்றம் வரலாம், தசைத்துண்டின் புரதத்தைப் படத்தில் கோடாகப் பதித்து அதைப் பார்க்கத்தான் இந்த ஆய்வே என்றேன். "அப்ப உன் படத்துலதான் தெரியும்."

"ஆமாக்கா. ரெண்டாவது ஊசி முடிஞ்சதும் தெரிஞ்சிரும்."

அப்படி நிச்சயமாகச் சொன்னேன்.

இரண்டாவது ஊசி வியாழக்கிழமை. பயிற்சிக்கும் ஊசிக்கும் நடுவில் இரண்டு முழு நாள் ஓய்வு இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் நீண்ட நேரம் உழைத்தாலும் தசை ஒன்றிரண்டு நாள் விழித்தே இருக்கும். இன்சுலினுக்காகக் காத்திராமல் வேறொரு வழியாகவும் சர்க்கரையை உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் இன்சுலினின் பேச்சும் அதற்கு நன்றாகக் கேட்கும். அது தணிந்த பிறகு எடுத்தால்தான், இருப்பது பன்னிரண்டு வாரத்தின் பலன் என்று சொல்ல முடியும். நீங்கள் அடித்துக் கொடுத்த அறிவுரைத் தாளில் 'இரண்டு நாள் பயிற்சி இல்லை' என்ற ஒரே வரிதான் இருந்தது. மீதியை நான் வாயால் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. ஆய்வில் இருந்த மற்ற ஏழு பேரிடமும் விரல் மடக்கிச் சொன்னேன்: நடக்கக் கூடாது, மாடி ஏறி இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது.

உங்களிடம் சொல்லவில்லை. "நாளைக்கும் மறுநாளும் சைக்கிள் வேண்டாம்க்கா, வியாழக்கிழமை வெறும் வயித்தோட வந்துருங்க" என்றேன். அவ்வளவுதான். என் ஆய்வின் ஒவ்வொரு வரியையும் அடித்தவர், வயரைப் பற்றி எனக்கே சொல்லிக் கொடுத்தவர், உங்களுக்குப் போய் விளக்குவானேன் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை குளுக்கோஸ் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தீர்கள். டாக்டர் தொடையில் மரத்துப்போக ஊசி போட்டு, பென்சில் கனத்துக்கு இருந்த பெரிய ஊசியை இறக்கி, மிளகு அளவு தசையை எடுத்தார். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தீர்கள். வலிக்குதாக்கா என்றதற்கு, "வலிக்கல. இழுக்குது. பல்லுப் புடுங்குற மாதிரி, ஆனா பல்லு எங்க இருக்குன்னு தெரியல" என்றீர்கள். டாக்டர்கூடச் சிரித்துவிட்டார்.

படம் கழுவிய அன்று நான் காத்திருக்கவில்லை. ஈரம் காய்ந்ததும் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். நீங்கள் அதை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தீர்கள். இடப்பக்கம் முதல் துண்டு: இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு சாம்பல் கோடு. வலப்பக்கம் இரண்டாவது துண்டு: அடர்ந்த கறுப்பு. இன்சுலினின் செய்தியைக் கைமாற்றும் ஒரு புரதம் எவ்வளவு விழித்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அந்தக் கோடு. நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. நீங்கள் கணவரை மேலே கூப்பிட்டீர்கள்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இந்தக் கறுப்புக் கோட்டுக்கா மூணு மாசம்?"

"ஆமா. வெளிய இருக்குறதத்தான இம்புட்டு நாளும் பாத்தீக. இது உள்ள இருக்குறது."

அவர் படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு இறங்கிப் போனார். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். பிறகு என் தலையில் கைவைத்து, "பரங்குன்றத்தான் கைவிடல. மூணு சுத்து சுத்துனது வீணாப் போகல" என்றீர்கள்.

"எப்பக்கா சுத்துனீங்க?"

"பௌர்ணமிக்குத்தான். ஊசிக்கு மொத நாள் சாயங்காலம். உம் படிப்பு நல்லபடியா முடியணும், எனக்கும் நல்ல சேதி வரணும்னு வேண்டியிருந்தேன்ல."

மலையைச் சுற்றி மூன்று தடவை, வெறுங்காலோடு. மின்விசிறிக் காற்றில் மேசைத்தாள்கள் படபடத்தன.

"நடந்திருக்கக் கூடாதுக்கா."

"சைக்கிள்தான வேண்டாம்னு சொன்ன?" உங்கள் குரலில் இன்னும் சந்தோஷம் இருந்தது. "சாமிக்கு நடக்குறது எக்சர்சைசா?"

நான் விளக்கினேன். இந்தத் தடவை திணறவில்லை. திணறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்கள் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தீர்கள்.

"அப்ப இந்தக் கறுப்பு பன்னெண்டு வாரத்தோடதா, மூணு சுத்தோடதா?"

"தெரியலக்கா."

"பிரிச்சுப் பாக்க முடியாதா?"

"இந்தத் துண்டுல முடியாது."

நீங்களே நிமிர்ந்தீர்கள். "இம்புட்டுதான? இன்னொன்னு எடு. இடது காலு சும்மாதான கெடக்கு. ரெண்டு வாரம் மிதிக்கிறேன், ரெண்டு நாளு கட்டில விட்டு எறங்கல. போதுமா?"

போதும். அவ்வளவுதான் தேவை. ஆனால் ஒருவரிடம் இரண்டு தடவைதான் தசை எடுக்கலாம் என்பது அனுமதி. மூன்றாவதுக்கு நெறிமுறைக் குழுவிடம் கேட்க வேண்டும். கேட்க வேண்டியவர் என் வழிகாட்டியான சார்.

மறுநாள் சார் முழுவதும் கேட்டுக்கொண்டார். அவர் கோபக்காரர் இல்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நடக்கக் கூடாதுன்னு நீ அவங்ககிட்ட சொன்னியா?"

"சொன்னேன் சார்."

அக்கா, அந்த இரண்டு சொல்லுக்கு நான் பிறகு எத்தனையோ காரணம் கண்டுபிடித்தேன். ஒருவரிடம் சொல்லவில்லை என்றால் மற்ற ஏழு பேரிடமும் சொல்லியிருப்பேன் என்று யார் நம்புவார்கள், ஆய்வு முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகுமே என்று. எனக்குக் கொடுத்திருந்த காலம் முடிந்துகொண்டிருந்தது என்று. எழுமலையில் அப்பா எல்லோரிடமும் என்ன சொல்லி வைத்திருந்தார் என்று. எல்லாம் பின்னால் யோசித்தவை. அந்த நேரத்தில் பயம் மட்டும்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பேனா மைக் கறையை யார் போட்டது என்று கேட்டால் வருமே, அதே பயம்.

"அவங்கள ஒரு தடவை கூட்டிட்டு வாம்மா" என்றார் சார்.

உங்களிடம், சார் பார்க்க வேண்டும் என்கிறார் என்று மட்டும் சொன்னேன். நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பதைச் சொல்லவில்லை. வழியெல்லாம் சொல்ல நினைத்தேன். பஸ்ஸில் நீங்கள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கமிட்டியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நல்ல புடவை கட்டியிருந்தீர்கள்.

சார் உங்களை உட்காரச் சொன்னார். நாற்காலியின் கைகள் உங்களுக்கு இடைஞ்சலாக இருந்தன. ஓரமாக உட்கார்ந்தீர்கள். நான் அலமாரி அருகில் நின்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஊசிக்கு முன்னாடி ரெண்டு நாள் நடக்கக் கூடாதுன்னு இவங்க உங்ககிட்ட சொன்னாங்களா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் சாரின் மேசைமேல் தாள் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்தேன். அதற்குள் ஒரு நீலப் பூ இருந்தது. இதழ்கள் ஆறு. எண்ணினேன், அக்கா. உங்கள் பார்வை என்மேல் இருந்த நேரத்தில் நான் செய்த வேலை அதுதான்.

"சொன்னாங்க சார்" என்றீர்கள். "நாலு தடவை சொன்னாங்க. நாந்தான் கேக்கல. கோயில்ல நடக்குறதுதானன்னு போயிட்டேன்."

நாலு தடவை. அதையும் நீங்களாகவே சேர்த்துக்கொண்டீர்கள்.

சார் நெற்றியைத் தேய்த்தார். "நீங்க நல்ல மனசோட செஞ்சதுதான். ஆனா சொன்னதைக் கேக்காதவங்களுக்கு இன்னொரு தடவை ஊசி போடணும்னு நான் கமிட்டில போய்க் கேக்க முடியாதும்மா. மறுபடியும் அப்படி நடந்தா உங்களுக்கும் வீண் வலி. மன்னிக்கணும்."

ஒரு நொடி நீங்கள் வாயைத் திறந்தீர்கள். இடது கால், இரண்டு வாரம், கட்டிலை விட்டு இறங்காத இரண்டு நாள் என்று ஒத்திகை பார்த்ததெல்லாம் அதில் இருந்தது. நீங்கள் உண்மையைச் சொன்னால் ஊசி கிடைக்கும், என்னை இழப்பீர்கள். நான் சொன்னால் உங்களுக்கு ஊசி கிடைக்கும். தவறு அறிவுரை கொடுத்தவளுடையது, கலந்துகொண்டவருடையது அல்ல என்றால், சார் அன்றே கடிதம் எழுதியிருப்பார். எனக்கு அது அப்போதே தெரியும். நான் அலமாரியில் சாய்ந்து நின்றேன். நீங்கள் வாயை மூடிக்கொண்டு, நாற்காலிக் கைகளைப் பிடித்து எழுந்து, "பரவால்ல சார்" என்று கும்பிட்டீர்கள்.

பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றோம். முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். "இந்த வெயில்ல இந்தப் புடவையக் கட்டுனது தப்பு" என்றீர்கள். பஸ் வந்ததும், "நாளைக்கு வாரியா? ரெண்டாவது அத்தியாயத்துல அட்டவணை ஒண்ணு ஒதுங்கி நிக்குது, பாத்துச் சொல்லு" என்று கேட்டுவிட்டு ஏறிப் போனீர்கள்.

அதன் பிறகும் ஆறு மாதம் நீங்கள்தான் என் ஆய்வேட்டை அடித்தீர்கள். மற்ற ஏழு பேரின் முடிவுகளும் வந்தன. சிலருக்கு எடை குறைந்தது, சிலருக்குக் குறையவில்லை. ஆனால் ஏழு பேரின் தசையிலும், கொஞ்சமோ நிறையவோ, செய்தி முன்னைவிடத் தெளிவாகப் போய்ச் சேர்ந்திருந்தது. சோழவந்தான் டீச்சருக்கு எல்லோரையும்விட நன்றாக. அதை உங்கள் விரல்கள்தான் தட்டின. அந்த அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்: கலந்துகொண்டவர்களில் ஒருவர் அறிவுரையைப் பின்பற்றத் தவறியதால் அவருடைய முடிவு சேர்க்கப்படவில்லை. ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தேன். நீங்கள் அடித்துக்கொண்டே வந்து அங்கே நின்றீர்கள்.

"இந்த ஒருத்தர் நாந்தான?"

"ஆமாக்கா."

"பேரு போடலைல?"

"போடல."

"சரி." திரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "இந்தப் பக்கத்துக்கும் எழுத்து பன்னெண்டு சைசுதான?"

"ஆமாக்கா."

முடித்துவிட்டு அடுத்த பக்கம் போனீர்கள்.

ஒருநாள் துணிந்து கேட்டேன்: "இப்பவும் நடக்குறீங்களாக்கா?" நீங்கள் கையை விரித்தீர்கள். "எங்க... எடையும் குறையல, உள்ள என்னன்னும் தெரியல. வீட்டுல கேட்டா என்னத்தச் சொல்லிட்டுக் கெளம்புறது? ஏழு பேருக்கு ஆச்சுன்னா எனக்கும் ஆயிருக்கும்னு நீ சொல்லுவ. ஆயிருக்கும்ங்குறது வேற, ஆச்சுங்குறது வேற."

ஏழு பேரின் சராசரியை வைத்து எட்டாவது ஆளிடம் சத்தியம் செய்ய முடியாது.

பட்டம் வந்தது. கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. வருவதைக் குறைத்துக்கொண்டேன். ஊரிலிருந்து திரும்பும்போது சிம்மக்கல் வழியாக வராமல் சுற்றிப் போகும் பஸ்ஸாகப் பார்த்து ஏறினேன். போன ஆடியில்தான் மனது கேட்காமல் வந்தேன். உங்கள் கணவர் ஜெராக்ஸ் மெஷினைத் திறந்து துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"மாசி மாசத்துலம்மா. நெஞ்சு வலின்னுச்சு. கல்யாணப் பத்திரிகை ஒண்ணு பாதி அடிச்சு வச்சிருந்துச்சு. கீழ எறக்கி ஆட்டோவுல ஏத்துறதுக்குள்ள..." பிறகு, "உங்களுக்குச் சொல்லணும்னு நெனச்சேன், நம்பர் அதுகிட்டதான் இருந்துச்சு" என்றார். உங்கள் டைரி எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நான் வந்து நின்றிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது துண்டை எடுத்திருந்தால் நீங்கள் இன்று இருந்திருப்பீர்கள் என்று நான் சொல்லவில்லை. தசைத்துண்டு யாரையும் காப்பாற்றாது. ஒருவரின் கதையிலிருந்து எதையும் நிறுவ முடியாது என்று என் மாணவிகளுக்கு நானே சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் கறுப்புக் கோடு ஒன்று, சந்தேகத்துக்கு இடமில்லாமல், உங்கள் கையில் இருந்திருந்தால் நீங்கள் மிதிப்பதை நிறுத்தியிருக்க மாட்டீர்கள். அது மட்டும் எனக்கு நிச்சயம். தெரிய வேண்டும் என்று நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. அது தெரியாமலே உங்களை அனுப்பிவிட்டேன்.

போன மாதம் சாருக்குக் கடிதம் எழுதினேன். ஓய்வு பெற்றுவிட்டார். நடந்ததை நடந்தபடி எழுதினேன்: 'அந்த அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை சார், என்னைக் காப்பாற்ற அவர்தான் உங்கள் முன்னால் பொய் சொன்னார்.' துறையில் இருக்கும் ஆய்வேட்டின் பிரதியில் அந்த வாக்கியத்தைத் திருத்தி ஒரு குறிப்பு ஒட்ட வேண்டும் என்று கேட்டிருந்தேன். என் பட்டத்துக்கு என்ன ஆனாலும் சரி என்றும் எழுதினேன். இப்போது அப்படி எழுதுவது எளிது. அந்த அறையில் அலமாரி அருகில் நின்றபோது எழுதியிருந்தால் அதற்கு ஏதாவது மதிப்பு இருந்திருக்கும்.

முந்தாநாள் பதில் வந்தது. நடுங்கும் கையெழுத்து. குறிப்பு ஒட்டச் சொல்லியிருக்கிறார். என்னைத் திட்டவில்லை. 'நான் உன்னை வெளியே அனுப்பிவிட்டு அவர்களைத் தனியாகக் கேட்டிருக்க வேண்டும், அது என் பிழை' என்று எழுதியிருக்கிறார். கடைசியில் ஒரு கேள்வி: 'அந்த அம்மா ஏன் அப்படிச் சொன்னார்கள்?'

இரண்டு நாளாக அதற்குப் பதில் எழுதப் பார்க்கிறேன். என்மேல் இருந்த பாசம் என்று எழுதிவிட்டு அடித்தேன். என்னைப் பார்த்த அந்தப் பார்வையில் பாசம் இருந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும், நான்தான் பூவின் இதழை எண்ணிக்கொண்டிருந்தேனே. இரக்கமாக இருக்கலாம். என்மேல் ஏற்பட்ட வெறுப்பை அப்படிக் காட்டினீர்களோ, என்னவோ. அல்லது, நேர்ந்துகொண்டு செய்த நடை என் படிப்பைக் கெடுத்துவிட்டது என்று நினைத்து அதற்கு ஈடு கட்டினீர்களா?

அந்த ஆறு மாதத்தில் ஆய்வேட்டோடு எத்தனையோ தடவை உங்கள் மாடி ஏறினேன். பக்கத்தில் நாற்காலி போட்டு மணிக்கணக்காக உட்கார்ந்தேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்பவர்; எதைக் கேட்டாலும் சொல்வீர்கள். ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க என்று கேட்க ஒரு மூச்சு போதும். நான் அட்டவணை ஒதுங்கி நிற்பதைப் பற்றியே பேசினேன்.

சாருக்கு, எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை என்று எழுதப் போகிறேன்.